டவருக்கு ஒரு பொன்னாடை

போன புதன்கிழமை தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். ஓரமெல்லாம் தங்க நிறத்தில் கொடி. ஆடி மாதத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்று யோசித்துக்கொண்டே பிரித்தேன்.

உள்ளே மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. 'உயரழுத்த மின்பாதை - மக்கள் கருத்துக் கேட்பு விழா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே 'முன்னிலை' என்று வரிசையாகப் பதினான்கு பெயர்கள். அதில் மூன்றாவது பெயர் என்னுடையது.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "மூணாவதாப் போட்டிருக்காக... ம்ம்... எழுதுனதுக்கு மரியாதை கெடைச்சிருச்சு" என்றார். அவர் குரலில் இருந்தது பெருமை இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், ஒரு வருடத்துக்கும் மேலே பின்னால் வர வேண்டும்.

என் அண்ணன் மனைவி செல்லமணி மதினி. கோம்பைக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் ஓர் ஊரில், ஒரே ஒரு ஏக்கரில், பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். கல்தூண்களை வரிசையாக நட்டு, தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதில் கொடியைப் படர விட்ட பந்தல். தூண் நட்டது கூலியாட்கள். கம்பி முறுக்கியது மதினி. எந்த மூலையில் எந்த வருடம் கம்பி தொய்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த ஒரு ஏக்கரைத் தவிர அவர்களுக்கு வேறு நிலமும் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது.

அண்ணன்? அவரும் விவசாயிதான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் "சரிதான்" என்று சொல்லிவிடுகிற விவசாயி. இந்த உலகத்தில் சண்டையே வராமல் இருக்க வேண்டுமென்றால் எல்லோரும் என் அண்ணனாக இருக்க வேண்டும். அப்புறம் யாரிடமும் நிலம் இருக்காது, அது வேறு விஷயம்.

ஒரு நாள் காலை, கொடியைக் கவாத்து வெட்டப் போன மதினி, பந்தலுக்கு நட்டநடுவில் ஒரு புதுக் கல்லைப் பார்த்தார். தலையில் சிவப்புப் பெயின்ட். உடம்பில் ஏதோ நம்பர்.

"இது யாரு நட்டது?" என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார்.

"நேத்து நீ சந்தைக்குப் போயிருந்தப்ப நாலு பேரு வந்தாக. மூணு கால் ஸ்டாண்டை வச்சு ஒத்தக் கண்ணால பாத்தாக. கல்லு ஒண்ணு நட்டுக்கிறலாமான்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"சரிதான்னேன்."

மதினி அன்றைக்கு அண்ணனிடம் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. இது குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை.

விஷயம் இதுதான். மலையடிவாரத்தில் காற்றாடிகள் வந்துவிட்டன அல்லவா? அந்த மின்சாரத்தைக் கொண்டுபோக ஒரு பெரிய லைன். அந்த லைனுக்கு வரிசையாக டவர்கள். அதில் ஒரு டவர் மதினியின் பந்தலுக்குள் நிற்கப் போகிறது. டவர் நின்றால் அந்த இடம் மட்டும் போகாது. லைனுக்கு அடியில் வருகிற பந்தலையும் பிரிக்கச் சொல்வார்கள் என்று பேச்சு.

இப்படி ஒரு லைன் போடுகிறோம் என்று பேப்பரில் அறிவித்திருந்தார்கள். முறைப்படிதான் செய்திருந்தார்கள், குறையே சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பக்கம் பேப்பர் இரண்டு வழியாகத்தான் ஊருக்குள் வரும். ஒன்று டீக்கடை. இன்னொன்று, திராட்சைப் பெட்டிக்கு அடியில் விரிக்க எடைக்கு வாங்கும் பழைய பேப்பர். டீக்கடையில் முதல் பக்கமும் சினிமாப் பக்கமும் தவிர மற்றதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே அறிவிப்பு இரண்டாவது வழியாக வந்து சேர்ந்தது.

பெட்டிக்குள் பேப்பரை விரித்துக்கொண்டிருந்த மதினிக்குத் தன் சர்வே நம்பர் கண்ணில் பட்டிருக்கிறது. திராட்சைச் சாறு வழிந்த அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அண்ணன் பஸ் ஏறித் தேனிக்கு என் வீட்டுக்கு வந்தார். படித்துப் பார்த்தேன். ஆட்சேபணை சொல்ல இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

அறிவிப்பில் போட்டிருந்த அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அதிகாரி தங்கமான மனிதர். "ஊருக்கே வந்து கேட்டுக்கறோம்மா. எல்லாரையும் ஒரு எடத்துல கூடச் சொல்லுங்க. என்ன கஷ்டமோ நேர்ல சொல்லட்டும்" என்றார்.

இதை விட என்ன வேண்டும்? சர்க்கார் வீட்டு வாசலுக்கு வந்து, 'உனக்கு என்ன கஷ்டம், சொல்' என்று கேட்கிறது. நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வாயைத் திறந்து சொல்வது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விழாக் குழு அமைத்தோம்.

ஊரில் எந்த விழா நடந்தாலும் குழுத் தலைவர் முத்தையா அண்ணன்தான். கோயில் கொடை, கபடிப் போட்டி, பள்ளிக்கூட ஆண்டு விழா, எல்லாம் அவர் கைராசி. இதிலும் அவரே தலைவர். அவருடைய தென்னந்தோப்பும் லைனுக்கு அடியில் வருகிறது. முப்பது மரம் போய்விடும். ஆகவே அக்கறையாகச் செய்வார் என்று நாங்களும் நம்பினோம்.

அக்கறையாகத்தான் செய்தார். நோட்டீஸ் அடிப்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் போட்டார்கள். லைன் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் சண்டை இல்லை. முன்னிலையில் யார் பெயருக்குப் பின்னால் யார் பெயர் என்பதில்தான் சண்டை. இரண்டு சம்பந்திகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். ஒன்பது நாளில் ஆறு நாள் இதிலேயே போய்விட்டது.

அச்சான நோட்டீஸை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை. தலைமை. முன்னிலை. வாழ்த்துரை ஏழு பேர். நன்றியுரை என்ற இடத்தில் என் பெயர். கடைசியில் நாட்டுப்பண். மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். முத்தையா அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே... ஆட்சேபணைன்னு ஒரு வரியக்கூடக் காணோமே?"

"அதெப்படித்தா? நம்ம ஊரத் தேடி வர்ற மனுசன வச்சுக்கிட்டு ஆட்சேபணைன்னு அச்சடிச்சா நல்லாவா இருக்கும்? அதெல்லாம் வாழ்த்துரையில நைசா வந்துரும். நீ வெரசா வந்து சேரு."

விழா நாள் வந்தது. ஊர் எல்லையிலேயே வாழைமரம் கட்டியிருந்தார்கள். அதிகாரி ஜீப்பிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார்... உருமி மேளம் முழங்கியது. பாவம், மறுபடி காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கூட வந்திருந்த இளம் இன்ஜினியர் கையில் சுருட்டிய மேப். அதைப் பறித்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார்கள்.

மேடை ஏறியதும் பொன்னாடைகள். தோப்புக்காரர்கள் சார்பில் ஒன்று. திராட்சைக்காரர்கள் சார்பில் ஒன்று, அதைப் போர்த்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? என் அண்ணனேதான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு வேறு நின்றார். அப்புறம் இளைஞர் மன்றம், ஆட்டோ ஸ்டாண்டு... மொத்தம் ஏழு. சித்திரை வெயில். அதிகாரியின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. போட்டோவைப் பார்க்கிற யாரும், இந்த ஊர் இந்த டவருக்காகப் பல வருடம் தவம் கிடந்தது என்றுதான் நினைப்பார்கள்.

மின்சாரம் பற்றிய கூட்டம் என்பதால் சரியாகப் பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடியது. அந்தச் சத்தத்தை மீறி வாழ்த்துரைகள் தொடங்கின.

முதல் ஆள் அதிகாரியின் எளிமையைப் புகழ்ந்தார். இரண்டாம் ஆள் முதல் ஆளின் பேச்சைப் புகழ்ந்தார். மூன்றாம் ஆள்தான் விஷயத்துக்கு வந்தார். "லைனு வரட்டும், வேணாங்கல. கரண்டு இல்லாம முடியுமா? ஆனா எங்க காட்டுல வேணாம். கொஞ்சம் கெழக்க தள்ளிப் போட்டுக்கிருங்க" என்றார். கிழக்கே நிலம் வைத்திருந்தவர் நான்காம் ஆள். அவர் மேற்கே தள்ளினார். ஐந்தாம் ஆளுக்கு மேற்கே நிலம். இளம் இன்ஜினியர் எப்படியோ மேப்பை மீட்டு, ஒவ்வொருவர் சொன்னதையும் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தார். கடைசியில் லைன் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

நான் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அடுத்தவன் நிலத்தைக் காட்டிக் கொடுப்பதில் இந்த மனிதர்களுக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை! அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மதினி எங்கே என்று தேடினேன். பெண்கள் பக்கம், பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவேற்பில் பூ தூவச் சொன்னார்களாம். தூவி முடித்த தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், எந்த நேரத்தில் தன்னைக் கேட்பார்கள் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது வாழ்த்துரையும் முடிந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்த ஊர் இருக்கிறது. முத்தையா அண்ணன் மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக நன்றியுரை..." என்று என் பெயரைச் சொன்னார்.

மதினியின் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. காலையிலிருந்து ஒரு வாய் காபி குடிக்காமல், இரண்டு வரி சொல்வதற்காக உட்கார்ந்திருந்த மனுஷி. அவருடைய இரண்டு வரிக்கு நோட்டீஸில் இடமில்லை. என் இருபது வரிக்கு இருக்கிறது.

எழுந்து மைக் பக்கம் போனேன். தொண்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை இருமினேன். "எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. என் சார்புல எங்க மதினி நன்றி சொல்வாக" என்றேன்.

முத்தையா அண்ணன் என்னை முறைத்தார். ஆனால் என்ன செய்ய முடியும்? நம் ஊர் விழாவில் நன்றியுரைக்கு ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அது முடியாமல் யாரும் எழுந்து போகவும் முடியாது. சிறப்பு விருந்தினர் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரே நேரம் அதுதான்.

மதினி மைக்கைப் பிடித்ததைப் பார்த்தால் கவாத்துக் கத்தரியைப் பிடித்த மாதிரி இருந்தது.

"அய்யா வந்திருக்காக. ஏழு பொன்னாடை போத்தியிருக்கோம். இந்த வெக்கையில ஒண்ணக்கூடக் கழட்டாம ஒக்காந்திருக்காக. அதுக்கு மொத நன்றி."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார்.

"எங்க தோட்டத்துல கல்லு நட்ட தம்பிகளுக்கு நன்றி. ஒரு கொடி ஒடியல, பாத்து நட்டிருக்காக. இனி எனக்கு ஒரு சந்தேகம். எங்க பந்தலு பூராம் கம்பி. ஒரு ஏக்கருக்கும் கம்பி. வாய்க்கா ஓரமா சின்னதா ஒரு பழைய லைனு போகுது. அதுக்குக் கீழ எங்க கம்பி வேலி. மழை நேரத்துல தொட்டா விர்ருங்கும். இப்ப நீங்க போடப் போறது அதவிட எத்தனையோ பெருசுன்னு சொல்றாக. நான் ரெண்டு கையையும் மேல தூக்கி, ஈரக் கையோட அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டுத்தான் திராட்சைக் குலை வெட்டணும். விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் அதான் வேலை. எனக்கு என்ன ஆகும்? கம்பி இல்லாம திராட்சை வளக்க வழி இருந்தா அதையும் சொல்லுங்க. சொல்றவுகளுக்கும் சேத்து, இப்பவே நன்றி."

ஜெனரேட்டர் சத்தத்தை மீறி முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "சரிதான்!" என்றது. என் அண்ணன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சரியான இடத்தில் சொன்னார்.

இளம் இன்ஜினியர் அதிகாரியின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அதிகாரி ஒவ்வொரு பொன்னாடையாகக் கழற்றி மடியில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இதை ஏம்மா யாரும் முதல்லயே சொல்லலை?" என்று கேட்டார். எப்படிச் சொல்வார்கள்? அவர் மேல் ஏழு துணியைப் போட்டு மூடிய பிறகு யாருக்கு மனசு வரும்?

"தோட்டம் எங்க இருக்கு? பாக்கலாம்" என்று அவர் எழுந்தார். முத்தையா அண்ணன் குறுக்கே பாய்ந்தார். "சார், நாட்டுப்பண்!" எல்லோரும் விறைப்பாக நின்று பாடி முடித்தோம். நிகழ்ச்சி நிரல் முழுசாக நிறைவேறிய திருப்தி முத்தையா அண்ணன் முகத்தில் தெரிந்தது. முப்பது தென்னைமரம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அப்படியே நம்ம தோப்பையும் ஒரு எட்டு..." என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

அதிகாரி நல்ல உயரம். பந்தலுக்குள் குனிந்தேதான் நடக்க வேண்டியிருந்தது. சிவப்புக் கல்லுக்குப் பக்கத்தில் மேப்பை விரித்தார்கள். லைன் ஓடை ஓரமாக வந்து, சரியாக மதினியின் தோட்டத்தில் முழங்கை மாதிரி மடங்கியது.

மதினி அதையே பார்த்தார். "அய்யா, பந்தல்ல மூலைக்கல்லுலதான் இழுவை சாஸ்தி. அதுக்குத்தான் பின்னாடி இழுத்துக் கட்டணும், குழியும் ஆழமா எடுக்கணும். நடுக்கல்லுக்கு அவ்வளவு வேணாம். ஒங்க டவருக்கும் அப்பிடித்தான?"

"அப்படித்தான்மா" என்றார் இன்ஜினியர். திரும்புகிற இடத்தில் வருகிற டவர்தான் பெரியது, கனமானது.

"பெறகு எதுக்கு இங்கன கொண்டாந்து திருப்புறீக? ஓடை ஓரமாவே நேராப் போயி, அங்கிட்டுத் தரிசுல ஏறுனா, திருப்பத்தையும் அங்கனயே வச்சுக்கிறலாமே. யாரு பந்தலும் இல்ல, தோப்பும் இல்ல."

அதிகாரியும் இன்ஜினியரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். "எழுத்துல குடுங்கம்மா. பாக்கறோம்" என்றார் அதிகாரி.

எழுத்து என்று வந்துவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன்? ஜீப்பின் பானட் மேலேயே வைத்து மனு எழுதினேன். மதினி சொன்னதை எழுதினேன். சொல்லாததையும் எழுதினேன். 'ஓடைக்கு மேற்கே, சொந்தக்காரர் எவர் என்றே தெரியாத வண்ணம், சீமைக்கருவேலம் மண்டி, யாருக்கும் பயனின்றி நெடுங்காலமாக வீணாகக் கிடக்கும் தரிசு நிலத்தின் வழியாக...' என்று ஒரு வாக்கியம். எழுதும்போதே எனக்குப் புல்லரித்தது. முத்தையா அண்ணன்கூட "ஒரு சொல்லு மாத்தப்படாது" என்று பாராட்டினார்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுவில் சொன்ன வழியை ஏற்று மின்பாதை மாற்றப்படுகிறது. மதினியின் பந்தல் தப்பித்தது. முத்தையா அண்ணனின் தென்னையும் தப்பித்தது. என் அண்ணன் அரைப் பெட்டி திராட்சையோடு தேனிக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம்தான், போன மாதம், எங்களுக்கே ஒரு கடிதம் வந்தது. மாற்றப்பட்ட பாதையில், ஓடைக்கு மேற்கே, இன்ன சர்வே நம்பரில் அமைந்த தங்கள் வீட்டு மனையில் ஒரு டவர்...

ஆமாம். எங்கள் மனை. ரிட்டயர் ஆனதும் வீடு கட்டிக்கொண்டு மதினி பக்கத்திலேயே இருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டது. பத்திரம் பதிந்த அன்று கோம்பை ரோடு வழியாகப் போய் ஒரு தடவை பார்த்தேன். ஓடைப் பக்கமிருந்து பார்த்தால் அது அங்கே வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லைக்கல் நாலும் சாய்ந்து, கருவேலம் மண்டிக் கிடந்தது உண்மைதான். சொந்தக்காரர் எவர் என்று தெரியவில்லை என்பதும்... ஒரு வகையில் உண்மைதான்.

என் வீட்டுக்காரர் மனுவின் நகலை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகப் படித்தார். 'யாருக்கும் பயனின்றி' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதன் சத்தம் அன்றைக்கு எனக்கே கேட்டது.

ஆகவேதான் இந்த இரண்டாவது விழா. மாற்றுப் பாதைக்கும் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டுமல்லவா? அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு முத்தையா அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, முன்னிலையில என் பேரை எடுத்துருங்க."

"ஏந்த்தா? மூணாவதாப் போட்டது கொறையாப் போச்சா? ரெண்டாவது ஆளுக்கிட்டப் பேசிப் பாக்கவா?"

"அதெல்லாம் வேணாம்ணே. எனக்கு நன்றியுரையைக் குடுங்க."

"அடடா... அது ஒங்க மதினிக்குக் குடுத்தாச்சே. அந்தப் பேச்சுக்கப்புறம் ஊரே அதத்தான கேக்குது!"

வேறு வழியில்லாமல் மதினிக்குப் போன் போட்டேன். அவர் தோட்டம் தப்பித்தது என் மனுவால். என் மனை மாட்டியதும் அதே மனுவால். அவரைப் போய் லைனைத் திருப்பச் சொல்லிப் பேசுங்கள் என்று எப்படிக் கேட்பது?

நான் ஒன்றும் கேட்கவில்லை. மதினியே பேசினார்.

"ஏத்தா, நீ மேடையில ஒக்காராத. ஒக்காந்தா ஒனக்கும் ஒரு பொன்னாடையப் போத்தி, சிரிக்கச் சொல்லிப் போட்டா பிடிச்சிருவாக. பேசாம கீழ பொம்பளைக பக்கம் எங்கூட வந்து ஒக்காரு. அன்னைக்கி எனக்குத் தொண்டை கட்டிக்கிரும்."

வருகிற வெள்ளிக்கிழமை காலை விழா. எனக்குத்தான் இப்போதிருந்தே தொண்டை வறள்கிறது.